சொந்த வீடுகளை நாமே வாடகைக்கு விட்டுப் பராமரிப்பது: டெல்டாக்காரர்களுக்கான கேள்வி பதில்

கும்பகோணத்திலும் அக்கம்பக்கத்திலும் உள்ள எங்கள் குடும்ப வீடுகளையும் ஒரு கடையையும் வாடகைக்கு விட்டு நானே பார்த்துக்கொள்கிறேன். தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமிருந்து உறவினர்களும் நண்பர்களும் இதைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் வரும் சட்ட விஷயங்கள் பொதுவானவை. உங்கள் பத்திரத்தில் ஏதாவது வில்லங்கம் இருந்தால் உள்ளூர் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

நானே பார்த்துக்கொள்ள முடியுமா? ஆள் வைக்க வேண்டுமா?

வீடுகள் ஒரே ஊரில், அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தால் தாராளமாக முடியும். வீடுகளின் எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை. உங்களிடம் ஒரு நல்ல கொத்தனார், ஒரு பிளம்பர், ஒரு எலெக்ட்ரீஷியன், ஓட்டு வீடாக இருந்தால் ஓடு மாற்றத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. இந்த நாலு பேரும் போனை எடுத்து "சாயங்காலம் வரேன்" என்று சொல்லும் அளவுக்கு உறவு வேண்டும். அதற்கு வழி, வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுத்துவிடுவதுதான். பேரம் பேசி இருநூறு ரூபாயைக் குறைத்தால் ஐப்பசி மழையில் ஒழுகும்போது அவர் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்.

இரண்டாவது, இதை ஒரு தொழிலாக நினைக்க வேண்டும். நம் பக்கத்தில் நிறைய பேர் வீடு விடுவதை, யாருக்கோ இடம் கொடுத்து உதவுவது போல நினைக்கிறார்கள். அந்த நினைப்பு இருந்தால் குழாய் சொட்டுகிறது என்று குடித்தனக்காரர் சொல்வதே குறையாகப் படும். அவர் மாதாமாதம் பணம் கொடுத்து வாங்குவது ஒழுகாத கூரை, வரும் தண்ணீர், ஷாக் அடிக்காத சுவிட்ச். அதைக் கொடுப்பது நம் வேலை.

வாடகையை எப்படி நிர்ணயிப்பது?

அதே தெருவில், அதே மாதிரி வீட்டில் இருப்பவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வீட்டுக்காரர்களைக் கேட்டால் கூட்டித்தான் சொல்வார்கள். மளிகைக் கடைக்காரருக்கும் இஸ்திரி போடுபவருக்கும் உண்மை தெரியும்.

தெரு நிலவரத்தைவிட ஐந்நூறு ரூபாய் குறைவாக வைப்பது என் வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8,000 ரூபாய் வீட்டுக்கு 500 கூட்டிக் கேட்டால் வருஷத்துக்கு 6,000 அதிகம் வரும். அந்த 500-க்காக வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் போவது 16,000. வீட்டைப் பாழாக்காத ஒருவர் நாலைந்து வருஷம் இருந்தால், இடையில் வெள்ளையடிக்கும் செலவும் புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

வருகிற வாடகை முழுவதும் வருமானம் இல்லை. தளம் போட்ட வீட்டுக்குப் பத்தில் ஒரு பங்கையும், பழைய ஓட்டு வீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கையும் மராமத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன். ஓட்டு வீட்டில் ஒரு மரச்சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டால் அந்தக் கணக்கு ஒரே நாளில் காலியாகிவிடும்.

எந்த மாதத்தில் வீடு காலியானால் சிரமம்?

ஆடி, மார்கழி இரண்டிலும் யாரும் குடிவர மாட்டார்கள். புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். ஆகவே ஆனி கடைசியில் ஒருவர் காலி செய்தால், ஆவணி பிறக்கும் வரை வீடு பூட்டிக் கிடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் முடிவு தேதியை சித்திரை, வைகாசியில் வருமாறு நான் அமைப்பதற்கு இதுதான் காரணம். பள்ளி, கல்லூரி சேர்க்கையும் அரசு ஊழியர், வங்கிக்காரர்களின் இடமாற்றமும் அதே சமயத்தில்தான். அப்போது வீடு தேடுகிறவர்கள் அதிகம்.

ஆனியில் ஆள் கிடைத்து, அவர்கள் ஆடியில்தான் சாமான் கொண்டுவர முடியும் என்றால் ஒரு வழி உண்டு. ஆனியிலேயே நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் உப்பும் அரிசியும் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பலர் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். வாடகை, பால் காய்ச்சிய நாளிலிருந்தா, சாமான் வந்த நாளிலிருந்தா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நான் பாதி வாடகை வாங்குவேன்.

ஆடியில் காலியாகிவிட்டால் அதையும் வீணாக்க வேண்டாம். வெள்ளையடிப்பது, வயரிங் பார்ப்பது, டேங்க் கழுவுவது எல்லாவற்றையும் அந்த மாதத்தில் முடிக்கலாம்.

யாருக்கு வீடு கொடுப்பது? எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று விஷயங்கள் பார்ப்பேன். வருமானம் எங்கிருந்து வருகிறது, இதற்கு முன் எந்த வீட்டில் இருந்தார், ஏன் காலி செய்கிறார். முந்தைய வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசுவது எல்லாவற்றையும்விட மேல். போனில் மழுப்புவதை முகத்துக்கு நேரே மழுப்ப முடியாது. வாடகை, அவர் கையில் வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் யோசிப்பேன். அவருக்கும் சிரமம், நமக்கும் சிரமம்.

ஆதார் நகலும், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டையும் வாங்கிக்கொள்ளலாம். ஆதாரில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலே போதும். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டி வாடகைதாரர் பற்றிச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது.

"நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். சுற்றி வளைத்து "எந்தத் தெரு, யார் வகையறா" என்று கேட்பதும் அதேதான். பெயரைக் கேட்டவுடனே "வீடு பேசியாச்சு" என்று போனை வைத்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வருகிற ஆசிரியரும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வருகிற நர்ஸும் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி வீடு தேடுவதைப் பார்த்திருக்கிறேன். வாடகை கட்டும் வசதி இருக்கிறது, நல்ல மனிதர்கள், வேறு எந்தக் குறையும் இல்லை. அப்படிப்பட்டவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது அநியாயம். என் வீடுகளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை என்று புரோக்கரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் போதுமா?

போதாது. பதினொரு மாத வழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினொன்று.

ஆனால் தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை மாதத்துக்கானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. இரு தரப்பு விவரங்களையும் ஒப்பந்த நகலையும் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். வாய்ப்பேச்சில் வீடு விட்டுவிட்டு, பிறகு தகராறு வந்தால் இந்த எண் இல்லாமல் வாடகை நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், வாடகை எப்போது எவ்வளவு உயரும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னறிவிப்பு, மின் இணைப்பு எண், யார் யார் குடியிருப்பார்கள், உள்வாடகைக்கு விடக் கூடாது என்பதெல்லாம் இருக்கட்டும். வாடகை உயர்வை முதல் நாளே எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி. "இந்த வருஷம் எவ்வளவு ஏத்துவாரோ" என்ற பயத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை வாங்கலாமா?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அட்வான்ஸ் நம் பணம் இல்லை, திருப்பித் தர வேண்டிய பணம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைக் கொடுத்தாக வேண்டும். அடுத்தவர் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தருவேன் என்று சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை ஒழிக்க வேண்டும். பெற்ற அட்வான்ஸை அப்படியே வங்கியில் குறுகிய கால வைப்பாகப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

ஒத்திக்கு விடலாமா? மொத்தமாகப் பணம் கிடைக்குமே?

பெரிய தொகையை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பதுதான் ஒத்தி. போக்கியம் என்றும் சொல்வோம். மகள் கல்யாணம், பையன் படிப்பு என்று பணம் தேவைப்படும்போது விடுகிறார்கள். எனக்கு இதில் விருப்பமில்லை. மூன்று வருஷம் கழித்து அந்தத் தொகையை எங்கிருந்து புரட்டுவது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. அடுத்த ஒத்திக்காரரைத் தேடி ஓடுவார்கள். அவர் கிடைக்காவிட்டால் இருப்பவரும் போக முடியாது, வீடும் கைக்கு வராது. அப்படியும் விடுவதானால் சும்மா முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இது அனுபவத்தோடு கூடிய அடமானம் (பணம் கொடுத்தவரே வீட்டில் குடியிருந்து அனுபவிப்பது) என்பதால் முறையாகப் பதிவு செய்ய வேண்டும்.

சாவி கொடுக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குடிவருகிறவரோடு வீடு முழுக்க நடக்க வேண்டும். எல்லா விளக்கும் ஃபேனும் போட்டுப் பார்ப்பது, எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு அழுத்தம் பார்ப்பது, ஃபிளஷ் அழுத்துவது, கதவுகள் தாழ்ப்பாள் சேர்கிறதா என்று பார்ப்பது. பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் வடிகாலுக்குப் போகிறதா, மூலையில் தேங்குகிறதா, வாசல்படி பக்கம் வருகிறதா என்று இருவரும் பார்க்கலாம். தேங்கினால் அன்றே கொத்தனாருக்குப் போன் போடுங்கள். பின்னால் பாசி பிடித்து யாராவது வழுக்கி விழுந்தால் அது நம் பொறுப்பு.

அதோடு மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். சுவர்கள், தரை, சமையல் மேடை, கழிவறை எல்லாவற்றையும் எடுங்கள். ஏற்கனவே இருக்கும் கீறல், உடைந்த டைல் எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். அதை வாட்ஸாப்பில் அவருக்கே அனுப்பிவிட்டால் தேதியோடு இரண்டு பேரிடமும் இருக்கும். ஃபேன் எத்தனை, சாவி எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீரை மொத்தமாக மூடும் வால்வு எங்கே என்று காட்டிக் கொடுக்க மறக்காதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழாய் பிய்த்துக்கொண்டால் அவர் உங்களுக்குப் போன் செய்வதற்கு முன் வால்வை மூடத் தெரிந்திருக்க வேண்டும்.

சுவரில் ஓதம் ஏறுகிறது. பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

ஆகாது. டெல்டாவில் வீடு விடுகிறவர்களுக்கு வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் மண் ஆற்று வண்டல், களி கலந்தது. மழைக்காலத்தில் ஊறி உப்பும், கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். வரும்போது மண்ணில் உள்ள உப்பையும் கரைத்துக் கொண்டுவரும். ஈரம் காய்ந்ததும் உப்பு சுவரின் மேல் தங்கிப் பூத்து நிற்கும். அதுதான் இடுப்பு உயரம் வரை பெயின்ட் செதில் செதிலாக உதிர்வதற்குக் காரணம். விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு போல வரும்.

அக்ரஹார வீடு, பழைய கூடத்து வீடு எல்லாம் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பளபளப்பான எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். முன்பு ஒரு முழ உயரத்தில் நின்ற ஓதம், சிமென்ட் பூசிய பிறகு ஜன்னல் மட்டம் வரை போகும். பழைய சுவராக இருந்தால் உதிர்ந்த பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்துவிட்டு, நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசிச் சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். காயவிடுவதை சித்திரை, வைகாசி வெயிலில் செய்வது நல்லது.

அதற்கும் முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் கொல்லை மண் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் மட்டம் ஏறி, நம் வீடு பள்ளமாகியிருக்கும். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா? துணி துவைக்கும் கல் சுவரை ஒட்டி இருக்கிறதா? பாத்ரூம் குழாய் சுவருக்குள் கசிகிறதா? இவற்றைச் சரிசெய்தாலே பாதி ஓதம் நின்றுவிடும். கட்டிலையும் பீரோவையும் சுவரை விட்டு அரையடி தள்ளிப் போடச் சொல்லிக் குடித்தனக்காரரிடம் காரணத்தோடு விளக்குங்கள்.

இப்போது கட்டுகிற புது வீடு என்றால் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்புப் பூச்சு போடாமல் சுவர் எழுப்ப விடாதீர்கள். பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் அதற்கு ஈடாகாது.

மழைக்காலத்துக்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. ஆவணியிலேயே எல்லா வீட்டையும் ஒரு சுற்று வந்துவிடுவேன். ஐப்பசியில் கொத்தனார் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் ஈரச் சுவரில் பூச்சு நிற்காது.

மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் குழாய் வாயில் சருகும் மண்ணும் அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தளத்தில் விரிசல் இருந்தால் அடைக்க வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் ஓடு நகர்ந்திருக்கிறதா என்று உள்ளே நின்று மேலே பாருங்கள், பகல் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். கோயிலை ஒட்டிய தெருக்களில் குரங்குகள் ஓடுகளை நகர்த்திவிடும், இது வருஷா வருஷம் நடப்பது. நாட்டு ஓடு கிடைப்பது அரிதாகிவிட்டது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் நல்ல ஓடாகப் பார்த்து வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லையில் தென்னை இருந்தால் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் நாகை, திருவாரூர், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னையையும் கூரையையும் சேர்த்துச் சாய்த்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. மோட்டார் ஓடாததால் மாடி டேங்கில் இருந்த தண்ணீர்தான் அந்த நாட்களில் கைகொடுத்தது. அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விஷயம், புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாக் குடித்தனக்காரருக்கும் "டேங்கை நிரப்பி வைங்க" என்று செய்தி அனுப்புவது. தண்ணீருக்குத் தண்ணீர். நிறைந்த டேங்க் காற்றில் பறக்கவும் செய்யாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் கொக்கி போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்து மாற்றிவிடுங்கள்.

மின்சாரத்தில் எர்த் சரியாக இருக்கிறதா, கசிவைக் கண்டு தானாக அணையும் பிரேக்கர் போட்டிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். ஈரச் சுவர் உள்ள ஊரில் இந்தச் செலவைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது.

எந்த ரிப்பேர் யார் செலவு?

2017 சட்டத்தின் அட்டவணையே இதைப் பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளருடையது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி, வடிகால் அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையது. நடைமுறையில் சில்லறை வேலையாக இருந்தாலும் குடிவந்த முதல் மூன்று மாதத்தில் வந்தால் நானே செய்துவிடுவேன். அது நான் விட்டுவைத்த பழுதாகத்தான் இருக்கும்.

செப்டிக் டேங்க் நிறைந்தால் உரிமம் பெற்ற லாரியை மட்டும் கூப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரை உள்ளே இறக்க விடாதீர்கள். 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம். அதைவிட, அந்த விஷவாயு ஒரு நொடியில் ஆளைக் கொன்றுவிடும். குறைந்த ரேட்டுக்கு ஆள் வருவதாகக் குடித்தனக்காரர் சொன்னாலும் தடுக்க வேண்டியது நாம்தான்.

ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கலாமா?

வேண்டாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் வேறு படிக்கு ஏறிவிடும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் இருவருக்கும் நஷ்டம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலித்து அதில் காசு பார்ப்பது சரியான செயலும் இல்லை. தனிச் சமையலறை, தனி வாசல் இருக்கும் பகுதிக்குத் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது தெரிந்தால் மின்வாரியம் அபராதம் போடும், இணைப்பு நம் பெயரில்தான் இருக்கிறது. தையல் கடை, அழகு நிலையம் வைக்கப் போகிறேன் என்று சொல்கிறவரிடம் இதை முன்பே பேசிவிடுங்கள்.

தண்ணீர்?

வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால் நம் போர்வெல் மட்டமும் ஏறும். வாய்க்கால் காய்ந்த மாசி முதல் வைகாசி வரைதான் கஷ்டம். அந்த மாதங்களில் எந்த மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு மோட்டாரை இறக்கி வையுங்கள். நாகை, வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புத்தண்ணீர் என்றால் குடிவருகிறவரிடம் மறைக்காதீர்கள். ஒரு டம்ளர் பிடித்துக் குடிக்கக் கொடுங்கள், அவரே முடிவு செய்யட்டும். டேங்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது நம் செலவு.

ஆணி அடிக்கலாமா, நாய் வளர்க்கலாமா என்றெல்லாம் கேட்கிறார்களே?

ஆணி அடிக்கட்டும், டிரில் போட்டு அடிக்கட்டும். நாய் வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பக்கத்துக் குடித்தனத்தைக் கேட்டுக்கொண்டால் போதும். கறி சமைக்கக் கூடாது என்றெல்லாம் நான் நிபந்தனை வைப்பதில்லை.

வாடகை இரண்டு மாதமாக வரவில்லை. கரண்டை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்ட விரோதம். வேறு பூட்டுப் போடுவது, சாமானை வெளியே வைப்பது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவது எல்லாமும் அப்படியே. நியாயம் நம் பக்கம் இருந்தாலும் அந்த நிமிடமே அது போய்விடும்.

ஐந்தாம் தேதி வாடகை வரவில்லை என்றால் ஆறாம் தேதி மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். பத்தாம் தேதி நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் ஏதாவது காரணம் இருக்கும், ஆஸ்பத்திரிச் செலவு, சம்பளம் வராதது. தவணையாகக் கொடுக்க ஒப்புக்கொண்டால் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் வராவிட்டால் பதிவுத் தபாலில் நோட்டீஸ். இரண்டு மாத பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வீட்டை மீட்க வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். மாதாமாதம் ரசீது கொடுத்திருந்தால், அல்லது ஜிபேயில், வங்கி வழியாகவே வாங்கியிருந்தால் கணக்கில் சண்டை வராது.

வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். சொந்த வீடுதானே என்று திடீரென்று கதவைத் தட்டாதீர்கள். பெண்கள் தனியாக இருக்கும் வீடாக இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊரில் இருக்கும் சித்தப்பா பார்த்துக்கொள்வார். பரவாயில்லையா?

சித்தப்பா மேல் நம்பிக்கை இருந்தாலும் காரியத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுங்கள். அங்குள்ள இந்திய ஹைகமிஷனில் சான்று பெற்று ஊருக்கு அனுப்பினால், வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். வாடகை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கே (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) நேராக வரட்டும். மராமத்துக்கு மட்டும் சித்தப்பாவிடம் ஒரு தொகை கொடுத்து வையுங்கள். பணமும் உறவும் கலக்காமல் இருந்தால் இரண்டும் நிலைக்கும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்பதையும் குடித்தனக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

வரி விஷயங்கள்?

சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு தவணை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, தள்ளுபடி. வருமான வரிக் கணக்கில், வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம், அதற்கு பில் காட்ட வேண்டியதில்லை. வீட்டுக் கடன் இருந்தால் வட்டிக்கும் கழிவு உண்டு. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கோயில் மனையில் கட்டிய வீட்டை வாடகைக்கு விடலாமா?

கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் கட்டடம் நம்முடையது, அடிமனை கோயிலுடையது என்ற நிலை சகஜம். அடிமனை வாடகை ரசீது பாக்கி இல்லாமல் இருக்கிறதா, உள்வாடகைக்கு விட கோயில் நிர்வாகம் அனுமதித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைக் குடிவருகிறவரிடம் மறைப்பது தவறு. பின்னாளில் அறநிலையத் துறையின் நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும்போது அவர்தான் உள்ளே இருப்பார்.

பெண்கள் விடுதி நடத்தலாமா? மகாமகத்துக்கு நாள் வாடகைக்கு விடலாமா?

வல்லம் பக்கமும் தஞ்சாவூர் கல்லூரிகளைச் சுற்றியும் வீடுகளை விடுதியாக்குகிறார்கள். பெண்கள் தங்கும் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். காவலாளி, கேமரா, பொறுப்பாளர் என்று நிபந்தனைகள் உண்டு. இது வீடு விடுவதிலிருந்து முற்றிலும் வேறு வேலை, முழு நேரமும் ஆள் இருக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. அந்த நாட்களின் வாடகையை நினைத்து இருக்கிற குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். காலியாக இருக்கும் மாடிப் போர்ஷனை மட்டும், கழிவறையும் தண்ணீரும் தாங்கும் அளவுக்கு ஆட்களை வைத்து நாள் வாடகைக்கு விடுங்கள்.

காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

முதல் நாள் எடுத்த போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் மறுபடி வீட்டைச் சுற்றி வாருங்கள். ஆணி ஓட்டை, சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, வெயிலில் மங்கிய பெயின்ட் எல்லாம் மனிதர்கள் வாழ்ந்ததால் வருவது, அதற்குப் பிடிக்கக் கூடாது. உடைந்த வாஷ்பேசின், காணாமல் போன ஃபேன், கட்டாத கரண்ட் பில் ஆகியவற்றுக்குப் பிடிக்கலாம். பிடித்தத்துக்குக் கடை பில்லை இணைத்துக் கணக்கை எழுதிக் கொடுங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை என்று எல்லோரிடமும் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது உரிமையாளர் செலவு. ஒப்பந்தத்தில் எழுதாமல் அதைப் பிடிக்க நமக்கு உரிமை இல்லை. நான் எழுதுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. கடைசி மீட்டர் ரீடிங்கை எடுத்து, பில் தொகையைக் கணக்கிட்டுக் கழித்து, சாவியை வாங்கும்போதே மீதியை அவர் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன்.